இடது முன்கால்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், மீன் சந்தைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்தில், நான் குப்புறப் படுத்துக் கிடந்து கழுதையின் காலைப் படம் எடுத்ததைக் கண்ட சனம் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிக்கிறது. கலியாணப் படமோ, பாஸ்போட் படமோ என்று கேட்பார்கள். கழுதைகளுக்கு அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்களாம், அதற்குப் படம் எடுக்கிற பெரிய உத்தியோகம் எனக்குக் கிடைத்திருக்கிறதாம் என்று ஓட்டோக்காரர்கள் ஒரு கதை கட்டிவிட்டார்கள். சிரிக்கட்டும். அந்தப் படங்களால் என்ன நடந்தது என்று சிரிக்கிறவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் அவர்களுக்கும் எனக்கு வருகிற மாதிரி விசர்தான் வரும்.

நான் படக்காரன். மன்னார் நகரத்தில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தேன். கலியாணம், முதல்நன்மை, செத்தவீடு, அடையாள அட்டை என்று எல்லாம் எடுத்தவன். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில் இன்னொரு தொழிலும் வந்து சேர்ந்தது. உதவி கொடுக்க வந்த கந்தோர்களுக்கு, எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் படம் வேண்டும். இடிந்த வீட்டின் முன்னால் வீட்டுக்காரர், ஓட்டை விழுந்த வள்ளத்தின் பக்கத்தில் வள்ளக்காரர், வற்றிய கிணற்றுக் கட்டில் ஒரு குடும்பம். ஸ்ரூடியோவுக்குள் சிரியுங்கோ, சிரியுங்கோ என்று கெஞ்சுகிற நான், வெளியில் போய் சிரிக்காதேங்கோ என்று சொல்லிப் பழகினேன். சிரித்த முகத்துக்கு ஒருவரும் கூரைத் தகரம் கொடுப்பதில்லை.

அப்படிப் பழகியவனிடம்தான் மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், தன்மையானவர், கதிரையைத் துடைத்துவிட்டால்கூட நன்றி சொல்லுகிறவர். எங்கள் ஊரில் கழுதைகள் சந்தைக் கழிவைத் தின்று, நடுறோட்டில் நின்று, பஸ்காரன் ஹோண் அடித்தாலும் ஏனென்று கேளாமல் திரிகிறவை. தார் றோட்டில் திரிகிறவைக்குக் குளம்பு தேய்ந்துவிடும், கடற்கரை மணலில் திரிகிறவைக்குத் தேயாது என்றார் டொக்டர். நகம் மாதிரி அது வளர்ந்துகொண்டே போகும். வளர்ந்தால் கால் வளையும், கால் வளைந்தால் கழுதை போச்சு. ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து அளக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. படத்தை வைத்தே குளம்பை அளக்க முடியுமா என்று பார்க்கப் போகிறோம், சரிவந்தால் வேறு ஊர்களிலும் செய்யலாம் என்றார். நல்ல யோசனைதான். அதை நான் இப்போதும் பிழை சொல்லமாட்டேன்.

கால்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்று நின்றபடி எடுத்துக் கொடுத்த முதல் படங்களை அவர் அப்படியே திருப்பித் தந்தார். மேலேயிருந்து எடுத்தால் குளம்பு கட்டையாகத் தெரியும். கொஞ்சம் முன்னாலிருந்து எடுத்தால் நீளம் மறைந்துவிடும். கலியாண வீட்டில் பருத்த பொம்பிளையை மெலிவாகக் காட்டுவதற்கு நாங்கள் செய்கிற அதே வேலைதான், இங்கே அது பொய்யாகிவிடும். கழுதையை மட்டமான பலகையில் ஏற்ற வேண்டும். மணலில் நின்றால் குளம்பின் அடி புதைந்துவிடும், அடி தெரியாத படத்தில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. கால் செங்குத்தாக நிற்க வேண்டும். தூரிகையால் மணலைத் துடைத்து, பக்கத்தில் அளவுத்தடி வைத்து, கமராவை நிலத்தோடு நிலமாகக் குளம்பின் உயரத்துக்கே இறக்கி, நேர்பக்கமாக நின்று எடுக்க வேண்டும். நின்று என்றா சொன்னேன்? படுத்து. சோளகக் காற்று மணலை அள்ளி வாய்க்குள் போட, அந்தக் கோதாரி விழுந்த கழுதை நான் பொத்தானை அமுக்குகிற நேரம் பார்த்துத்தான் காலைத் தூக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பழகிய பிறகு என் படங்களில் பிழை பிடிக்க ஒருவராலும் முடியவில்லை. குளம்பின் வளையம் வளையமான கோடுகள்கூட எண்ணத்தக்கதாக விழுந்தன. எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

கீரி என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய பெட்டைக் கழுதையும் எங்கள் கணக்கில் சேர்ந்தது. மற்றக் கழுதைகளில் அரைவாசிக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை, இருந்தாலும் தேடி வருவதில்லை. அக்காவின் கழுதை உழைத்துச் சோறு போட்ட கழுதை. கடற்கரை மீன் வாடிகளில் காய்கிற கருவாட்டைச் சாக்கில் கட்டி, லொறி வந்து நிற்கிற தார் றோட்டுவரைக்கும் மணலால் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அக்காவின் தொழில். ஓட்டோ அந்த மணலில் புதையும். சைக்கிளும் உருளாது. கழுதை நடந்தால் அக்காவுக்கு அன்றைக்கு அடுப்பு எரியும், நடக்காவிட்டால் இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதன் இடது முன்கால் குளம்பு அப்போதே கொஞ்சம் நீண்டுதான் இருந்தது. கொஞ்சம்தான். அக்கா அதன் கழுத்தைத் தடவி, எடி அசையாமல் நில்லடி, உன்னைத்தான் படம் பிடிக்கினம் என்று சொல்ல, அது உண்மையிலேயே அசையாமல் நின்றது. மன்னார்த் தீவில் எனக்காக அசையாமல் நின்ற ஒரே கழுதை அதுதான்.

வேலையின் ஒழுங்கை டொக்டர் முதல் நாளே சொன்னார். சீட்டுக் குலுக்கி, கழுதைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இப்போதே குளம்பு வெட்டுவது, மற்றப் பகுதிக்குப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவது. வெட்டியதும் வெட்டாததும் படத்தில் எவ்வளவு வித்தியாசமாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். கடைசியில் எல்லாவற்றுக்கும் வெட்டிவிடுவோம் என்றும் சொன்னார். அக்காவின் கழுதை படம் மட்டும் எடுக்கிற பகுதிக்கு விழுந்தது. அக்கா அதற்குக் கவலைப்படவே இல்லை. பதிவு நடந்துவிட்டது, முறை வரும் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். டொக்டருக்கு ஆட்டுப்பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

குளம்பு வெட்டுகிறவரும் எங்கள் வானிலேயே வந்தார். நுவரெலியாப் பக்கத்துத் தமிழர், பந்தயக் குதிரைக் கொட்டகையில் வேலை பார்த்த மனிதர். அவருடைய வெட்டுக் குறடும் அரமும் ஒரு சாக்குப் பையில் என் காலடியில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பை எங்களோடு கீரிக்கு வரும். அக்காவின் வேலிப் படலையடியில் நான் இறங்குவேன், டொக்டர் இறங்குவார், பலகை இறங்கும், பை இறங்காது.

படங்களைப் பற்றியும் ஒரு ஒழுங்கு இருந்தது. எது வெட்டிய குளம்பு, எது வெட்டாதது என்று தெரிந்தால் அளக்கிறவரின் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாயுமாம். அதனால் எல்லாப் படங்களையும் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து, வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு இலக்கம் மட்டும் போட்டு அனுப்புவது. அதுவரைக்கும் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. கேட்டபோது எனக்கு அது நீதியாகத்தான் பட்டது. ஆனால் கமராவில் இருந்து எடுத்துக் கொம்பியூட்டரில் ஏற்றுகிற வேலை என்னுடையது. எனக்குக் கண் இருக்கிறதே. முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்நுனி நீண்டிருந்தது. குதி தணிந்திருந்தது. முன்பு கணுக்காலில் இருந்து குளம்புவரை ஒரே கோடாக இறங்கியது, இப்போது நடுவில் மடிந்து கிடந்தது. இதற்கு டொக்டருக்குப் படித்திருக்கத் தேவையில்லை, முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தே வயிறு வளர்த்தவனுக்கு ஒரு கோடு முறிந்தது தெரியாதா?

மூன்றாம் முறை போகும்போது வானுக்குள் வைத்தே டொக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏசியிருப்பேன், அதோடு மனம் ஆறியிருக்கும்.

“நீங்கள் படத்தை வடிவா எடுங்கோ,” என்றார். “அளவை அவை பாப்பினம்.”

அன்றைக்கு அக்காவின் வளவில் படம் எடுத்து முடிந்ததும் அவர் மர நிழலில் போனில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். குளம்பு வெட்டுகிறவர் அந்த நேரம் பார்த்துச் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குனிந்து அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, தூக்கினார், வைத்தார்.

“கொஞ்ச நேர வேலைம்மா, இப்பவே வெட்டித் தர்றேன்,” என்றார். “டொக்டர் ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது. அக்கா பதறிப்போய்க் கழுதைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். ஐயோ வேண்டாம் தம்பி, இன்னும் படம் எடுத்து முடியேல்லை என்றார். நானும் சேர்ந்து கேட்டேன். விடுங்கோ அக்கா, வெட்டட்டும், வாறதை நான் பார்த்துக்கொள்ளுறன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

“உமக்குத் தெரியும்தானே,” என்றார். “வீட்டையும் திருத்திப்போட்டுத்தானே விட்டனாங்கள்.”

தெரியும். அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். அவர்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அந்த வளவில் கூரையும் இல்லை, ஒரு பக்கத்துச் சுவரும் இல்லை. வீட்டுத் திட்டத்துக்கு அதிகாரி பார்க்க வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. அக்காவின் புருசன் மானஸ்தர். பெரிய மனிதர் ஒருவர் வீடு தேடி வருகிறார், குந்துவதற்கு ஒரு நிழல் இல்லாமல் வெயிலிலா நிறுத்துவது என்று, கடனுக்குத் தென்னங்கிடுகு வாங்கிக் கூரை மேய்ந்தார். களிமண் குழைத்துச் சுவரை எழுப்பினார். கோயிலில் இருந்து ஒரு கதிரை இரவலாகக் கொண்டுவந்து போட்டார். அதிகாரி அந்தக் கதிரையில் இருந்து, அந்த நிழலில், அக்காவின் தேத்தண்ணியைக் குடித்தார். நான் படம் எடுத்தேன். குடியிருக்கத்தக்க வீடு என்று அவர்களைப் பட்டியலில் இருந்து தள்ளிவிட்டார்கள். ஒரு துரும்பையும் அசைக்காமல் குந்தியிருந்த பக்கத்து வளவுக்குக் கல்வீடு கிடைத்தது. புருசன் அந்தக் கிடுகுக் கூரையின் கீழேதான் பிறகு நெஞ்சுவலி வந்து செத்தார். செத்தவீட்டுப் படமும் நான்தான் எடுத்தேன்.

அக்கா மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் இந்தப் பாடம் படிக்காத குடும்பம் இல்லை. படம் எடுத்து முடியும்வரைக்கும் எதிலும் கை வைக்கக்கூடாது. ஓட்டையை அடைக்கக்கூடாது, வேலியைக் கட்டக்கூடாது. வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அவர்களுக்கு நான் நல்ல பதில் வைத்திருக்கிறேன், அச்சில் போட முடியாது.

குளம்பு வெட்டுகிறவர் குறடைத் திரும்பப் பைக்குள் போட்டார். வான் வெளிக்கிட்டது.

அதற்குப் பிறகு எடுத்த படங்களை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுத்தேன். குளம்பின் நுனி வள்ளத்தின் முன்முனை அணியம் மாதிரி மேலே வளையத் தொடங்கியது. கழுதை நுனியை ஊன்றாமல் குதியில் நடந்தது. பலகையில் ஏற்றினால் காலைச் செங்குத்தாக வைக்க அதற்கே ஏலாது, நாங்கள் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அக்கா சுமையைப் பாதியாகக் குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார். ஒருநாள் நாங்கள் போன நேரம், கருவாட்டுச் சாக்கு அக்காவின் தலையில் இருந்தது. பின்னால் கழுதை வெறும் முதுகோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தது. என்னக்கா இது என்று கேட்டேன். விட்டுட்டுப் போனால் கத்துறாள், அதுதான் கூட்டிக்கொண்டு போய் வாறன் என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. கழுத்தெல்லாம் கருவாட்டுத் தண்ணி வழிந்து காய்ந்திருந்தது.

அன்றைக்கு டொக்டரோடு சண்டை பிடித்தேன். றோட்டில் வைத்து, வாய்க்கு வந்தபடி. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நிலைமை மோசமானால் ஒரு கழுதையை இடையில் விலக்கி வெட்டலாம், அதற்கு விதி இருக்கிறது, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். மோசம் என்று யார் முடிவு செய்வது என்று கேட்டேன். படத்தை அளக்கிறவர் என்றார். அவர் எப்போது படத்தைப் பார்ப்பார் என்று கேட்டேன். கடைசியில்தானே பார்ப்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கமராவைத் தூக்கி எறிந்திருப்பேன், அது என் சொந்தக் கமராவாகப் போய்விட்டது.

பேசாமல் விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நான் விட்டால் இன்னொருவன் வருவான், அவன் நின்றபடி எடுப்பான், கொஞ்சமாவது காட்டுகிற படமும் இல்லாமல் போகும் என்று நினைத்தேன். மேலிடத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒழுங்கை மீறித் திறந்து பார்த்துவிடமாட்டாரா என்றும் நினைத்தேன். அதனால் இன்னும் துப்புரவாக எடுத்தேன். நம்பி எடுத்தேன், வேறு என்ன சொல்ல.

கழுதை விழுந்துவிட்டது என்று அக்கா ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது வேலியோரத்தில் மணலில் படுத்துக் கிடந்தது. எழும்பப் பார்த்துப் பார்த்து முழங்கால் தோல் உரிந்திருந்தது. டொக்டர் இந்த முறை ஒருவரையும் கேட்கவில்லை, வெட்டுங்கோ என்றார். குளம்பு வெட்டுகிறவர் வெட்டினார். வெட்டி அரம் போட்டு முடித்த பிறகு குளம்பு வடிவாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம், கால் மடிந்து மறுபடியும் விழுந்தது. உள் நரம்பு அறுந்துவிட்டது, இனி நிற்காது என்றார் டொக்டர். அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தோனியாரே, அந்தோனியாரே என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியே ஊசி போட்டார்கள்.

முடிந்த பிறகு டொக்டர் என் பக்கத்தில் வந்து, வரிசை குறைபடாமல் இருக்க அந்தக் காலைக் கடைசியாக ஒரு படம் எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கட போனில் எடுங்கோ என்றேன். எடுத்தார். பலகையும் இல்லை, அளவுத்தடியும் இல்லை, மேலேயிருந்து கோணலாக எடுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா வாடியில் கருவாட்டுக்கு மீன் கிழிக்கிற வேலைக்குப் போனார். குனிந்தே இருக்கிற வேலை, அதுவும் மற்றவர்களிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்குகிற வேலை. சொந்தக் கழுதையோடு நிமிர்ந்து நடந்த மனுசி. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

வேலை முடிந்ததும் மன்னார் நகரத்து மண்டபம் ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். கழுதைச் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தார்கள். அக்கா கோயிலுக்கு உடுத்துகிற சேலையோடு வந்து, பின்வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். படத்தை வைத்துக் குளம்பை நம்பி அளக்கலாம் என்று முடிவு வந்திருக்கிறது, படங்கள் அவ்வளவு தெளிவு என்று டொக்டர் என் பக்கம் கையைக் காட்டினார். சனம் கை தட்டியது. எனக்கு அந்த இடத்தை விட்டு எழும்பி ஓட வேண்டும் போல் இருந்தது.

பிறகு திரையில் ஒரு குளம்பு வந்தது. இடது முன்கால். வந்த வந்த முறை எடுத்த படங்களை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். ஒழுங்காக எடுத்த படங்கள், பின்னால் இருப்பது எல்லாவற்றிலும் ஒரே வேலி. அக்காவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. தன் வேலியையும் தன் கழுதையின் காலையும் அவருக்குத் தெரியாதா? கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று டொக்டர் சொன்னதும் எழும்பி நின்றார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், அவர் இருக்கவில்லை.

“இதில எந்தப் படத்தில வெட்டியிருந்தால் அவள் தப்பியிருப்பாள்?”

டொக்டருக்கு அவர் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதுவும் ஒரு வருத்தம். திரைக்குக் கிட்டப் போய், மூன்றாவது படத்தில் விரலை வைத்தார். இதுவரைக்கும் பிரச்சினை இல்லை, இதில் வெட்டியிருந்தால் நடந்திருக்கும் என்றார்.

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் அவருடைய பாதம் விழுந்திருந்தது, பலகை அசையாமல் மிதித்துக்கொண்டிருந்த பாதம்.

“அண்டைக்கு அந்தத் தம்பி வெட்டித் தாறன் எண்டு வந்தவர்,” என்றார். “நான்தான் விடேல்லை.”

டொக்டருக்கு அது தெரியாது. அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஏனம்மா விடவில்லை என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

“நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனீங்கள்,” என்றார் அக்கா.

அக்கா கதிரையில் இருந்துகொண்டு, கையில் வைத்திருந்த றோல்ஸைக் கடதாசியில் திரும்பச் சுற்றினார்.